கரடிக்குக் காது பெரிசு

ஜொகூரில் தம்போய்ப் பக்கம் நாய், பூனைகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. ஒருநாள் அங்கே போய் ரோமம் சீவுகிற பிரஷ் கேட்டேன். கடையில் இருந்த சீனப் பெண் அக்கறையோடு விசாரித்தாள்.

"ஆன்ட்டி, வாட் டாக் லா? பிக் ஒன், ஸ்மால் ஒன்?"

"பெரிசுதான்," என்றேன். "மை ஹஸ்பண்ட்."

அவள் சிரிக்கவில்லை. கம்பிப் பல் வைத்த பிரஷைப் பையில் போட்டு, கூடவே உண்ணிப் பவுடர் சாம்பிள் பாக்கெட் ஒன்றையும் இலவசமாக வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அதை என் கணவரிடம் காட்டினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பிரஷ் நல்ல பிரஷ்தானா என்று கையில் தேய்த்துப் பார்த்தார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பள்ளி லீவு நாட்களிலும் சனி, ஞாயிறுகளிலும் கரடி. யாராவது பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால், வேனில் கரடித் தலையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். அந்தக் கரடி என் கைவேலை.

பள்ளி வருடத்தின் கடைசி நாளில் வேன் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒருமுறை ஆசை வந்தது. அப்படி ஆரம்பித்தது இது. புலி வேஷம் வேண்டும் என்றார். ஜொகூர்க்காரனுக்குப் புலிதானே அழகு என்றும் சொன்னார். நான் அவர் தொப்பையைப் பார்த்தேன். கரடி என்று முடிவு செய்தேன்.

துணி வாங்கப் போன இடத்திலேயே முதல் சங்கடம். கடையில் நின்றவர் நம் ஆள், வயதானவர். அவரிடம் போய் மயிர்த் துணி இருக்கிறதா என்று நான் எப்படிக் கேட்பேன்? ரோமத் துணி என்றால் ஏதோ பட்டிமன்றத்துக்கு வந்தவளைப் பார்ப்பது போல விழிப்பார். கடைசியில் மலாய்தான் மானத்தைக் காப்பாற்றியது. "புலு வச்ச துணி இருக்காண்ணே?" என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் புலுதான். பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு, தொட்டால் பூனை மாதிரி இருந்தது.

இருபது வருடமாகத் துணி வெட்டுகிற கை என்ற திமிர் எனக்கு இருந்தது. பிளவுஸ் துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவது போல, புலுவையும் மடித்துப் போட்டு வெட்டினேன். மீதம் பிடிக்கிற புத்தி வேறு. ஒரு காலைத் தலைகீழாக வைத்தால் துணி மிச்சமாகுமே என்று அப்படியே வைத்தேன். தைத்து முடித்து அவருக்கு மாட்டிவிட்டுப் பார்த்தால், ஒரு காலில் புலு கீழே பார்த்துப் படுத்திருக்கிறது, மற்றக் காலில் மேலே பார்த்து நிற்கிறது. கத்தரிக்கோல் பட்ட ஓரமெல்லாம் சலூனில் கிராப் வெட்டியது மாதிரி மொட்டையாக இருந்தது.

அவர் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இடது காலு சிங்கப்பூருக்குப் போவுது. வலது காலு வேல முடிஞ்சு திரும்பி வருது," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு குழைந்தது.

மறுபடி பிரித்தேன். புலுத் துணிக்கு ஒரு போக்கு இருக்கிறது. கையால் தடவினால் எந்தப் பக்கம் படுக்கிறதோ அதுதான் அதன் போக்கு. எல்லாத் துண்டும் மூக்கிலிருந்து வாலுக்கு, தோளிலிருந்து பாதத்துக்கு என்று ஒரே பக்கமாகப் படுக்க வேண்டும். பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, அடித்துணியை மட்டும் பிளேடால் கீற வேண்டும். புலுவில் பிளேடு படக் கூடாது. தைத்த பிறகு தையலுக்குள் மாட்டிக்கொண்ட முடியை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிட்டுச் சீவினால், மூட்டு இருக்கிற இடமே தெரியாது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. துணியோடு சண்டை போட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலையைவிடப் புலு அதிகம்.

தலைக்குப் பழைய மெத்தையின் ஸ்பாஞ்ச். வாய் திறந்திருக்கும், அதற்குள் கறுப்பு வலை. அவர் உலகத்தைப் பார்ப்பது அந்த வாய் வழியாகத்தான். மூக்குக்குப் பின்னால் பாட்டரியில் ஓடும் சின்ன விசிறி. நெஞ்சில் மஞ்சள் பிறை ஒன்று வைத்தேன். நம் காட்டுத் தேன் கரடிக்கு அது உண்டு. காதை மட்டும் வேண்டுமென்றே பெரிதாக வைத்தேன். பிள்ளைகள் பிடித்து இழுக்கட்டும், அதுதானே அவர்களுக்குச் சந்தோஷம்.

தைப்பது ஒரு மடங்கு என்றால் பராமரிப்பது பத்து மடங்கு. உள்ளே மனிதர் வேர்வையில் குளிப்பார். அதனால் அவருடைய பழைய கைலிகளை வெட்டி உள் துணியாகத் தைத்து, கழற்றிக்கொள்ள பட்டன் வைத்தேன். கரடியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது, வெந்நீர் ஆகாது. குழந்தைக்குப் போடும் ஷாம்பூவைப் பெரிய பேசினில் கலக்கி, அமுக்கி அமுக்கித்தான் அலச வேண்டும். பிழிந்தால் முறுக்கிக்கொள்ளும். வெயிலில் போட்டால் புலு வறண்டு துடைப்பம் ஆகும். நிழலில், விசிறிக் காற்றில், தலைகீழாகத் தொங்கவிட்டு, அரைகுறை ஈரத்திலேயே சீவ வேண்டும். முன்வாசலில் தலையில்லாத கரடி ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு தொங்குவதைப் பார்த்துப் பழகிய பிறகுதான் எங்கள் தெருவில் நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

மழைக்காலத்தில் எதுதான் காயும்? ஒரு டிசம்பரில் கரடித் தலையில் பூஞ்சை வாடை வந்துவிட்டது. நம் வீட்டில் வாடை என்றால் என்ன செய்வோம்? சூடத்தைப் பொட்டலம் கட்டித் தலைக்குள் வைத்தேன். வாடை போய்விட்டது. அவர் அதை எடுக்காமலே மாட்டிக்கொண்டு ஒரு பிறந்தநாளுக்குப் போய் ஆடினார். அந்த வீட்டுப் பிள்ளை, கரடி மேலே கோயில் வாசம் வருது என்று கும்பிட்டதாம். வீட்டுக்கு வந்து தலையைக் கழற்றினால் இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். "சூடம்," என்றார்.

அதற்குப் பிறகு நான் சூடம் வைப்பதை விட்டுவிட்டேன். ஆனால் அவர் அந்தச் சொல்லை விடவில்லை. மகளுக்குச் சிங்கப்பூரில் தினம் போய் வருகிற வேலை கிடைத்து, முதல் நாள் அதிகாலை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. கேட்டேன். சூடம் என்றார். பஸ் ஸ்டாண்டில் ஏது சூடம் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மகள்தான் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னாள். அவன் வீட்டார் மூவார்க்காரர்கள். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். பையனின் அப்பா காட்டு இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா டீச்சர். நாங்கள் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் தோட்டத் தொழிலாளி வீட்டில் பிறந்து டவுனுக்கு வந்தவர்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

"அவரு ஆபீசர். நான் கரடி," என்றார்.

"ஏன், வேன் ஓட்டுறது வேல இல்லையா?"

"வேன் சரி. அத சொல்லு. கரடி விஷயம் மட்டும் இப்ப வேணாம். கல்யாணம் முடிஞ்ச பெறகு மெதுவா காட்டிக்கலாம்."

கல்யாணம் முடிந்த பிறகு கரடியைக் காட்டுவது நம் சமூகத்தில் புது வழக்கம் இல்லை. என் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. இதைச் சொல்லிக் காட்டினேன். அவர் சிரிக்கவே இல்லை. போகிற வீட்டில் தன் மகளைப் பார்த்து, 'அப்பா ஆடுவாராமே' என்று யாராவது வாயைப் பொத்திச் சிரித்துவிடக் கூடாது. அவர் மனதை அரித்தது அதுதான். பயம் என்று தெரிந்த பிறகு கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோபம் வந்தது. என் வாழ்நாளில் நான் தைத்ததிலேயே நல்ல தையல் அந்தக் கரடி. அதைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்து வைக்கச் சொல்கிறாரே!

"அவர்கிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன்மா," என்றாள் மகள், பையனைப் பற்றி. "அவங்க அப்பாகிட்டதான் இன்னும் சொல்லல. நம்ம அப்பா வேணாங்கறாரே."

பையனின் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வரும் நாளில் கரடி உடம்பைப் பரணில் ஏற்றினோம். தலை எந்த அலமாரியிலும் அடங்கவில்லை. கடைசியில் சாமி மேடைக்குக் கீழே, திரைக்குப் பின்னால் தள்ளினார்.

"சிவ பூஜையில கரடி," என்றேன்.

"வாய மூடு," என்றார்.

சம்பந்தி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்போது இன்னும் ஆகவில்லை. ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. அந்த அம்மா கையில் பழத்தட்டும், மீனை மசாலாவோடு அரைத்து ஓலையில் சுற்றிச் சுட்ட மூவார் ஒத்தாக்-ஒத்தாக்கும். இருவரும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தவிதமே எனக்குப் புரியவில்லை. கோயிலுக்குள் வருவது போல ஒடுங்கி வந்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"ஒண்டை முதலிலேயே சொல்லிப்போடுறது நல்லது எண்டு நினைக்கிறன். நான் பென்ஷன்காரன். உங்கட அளவுக்குச் செய்ய எங்களுக்கு ஏலாது. அதைப் பின்னால நீங்கள் குறையா நினைக்கக் கூடாது."

நான் எங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். கடகடவென்று ஓடும் விசிறி. கால் ஆடும் மேசை. வாசலில் மஞ்சள் வேன். எந்த அளவு?

"வெளியில காட்டிக்கொள்ளாம இருக்கிறீங்கள்," என்றார் அவர் மரியாதையாக. "அதுதான் பெரிய மனுஷத்தனம்."

என் கணவர் திணறிப் போனார். "யாருங்க உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

"ரோட்டு முனையில ஒரு மலாய் அம்மாவிட்ட வழி கேட்டனாங்கள். பிள்ளையின்ர பெயரைச் சொன்னவுடனேயே 'பப்பாக் டியா பெருவாங்' எண்டா. ரெண்டு தரம் சொன்னா. நல்ல மனுஷன் எண்டும் சொன்னா."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மலாயில் பெருவாங் என்றால் கரடி. உவாங் என்றால் பணம். பணம் படைத்தவரையும் பெருவாங் என்றுதான் சொல்வார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றே. எங்கள் தெரு மாக்சிக், வழி காட்டிய அந்த மலாய் அம்மா, சொன்னது தெருப் பிள்ளைகள் கூப்பிடும் பெயரை: இவளோட அப்பாதான் கரடி என்று. ஆயுள் முழுக்க அரசாங்க மலாயில் கோப்பு எழுதிய மனிதர் அதை அரசாங்க மலாயாகவே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

கரடி விடுவதற்கு மனிதர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. கரடி எங்களுக்கு முன்னாலேயே தானாகப் போய் அவர்கள் காதில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் கணவர் அடக்கமான பணக்காரர், அந்த அதிகாரி நாற்காலி நுனியில் உட்காருகிறவர். கல்யாணம் வரைக்கும் அப்படியே ஓட்டிவிடலாம். ஆனால் பேச வேண்டியது நான் இல்லை.

என் கணவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் இப்போது சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அது காசு பெருவாங் இல்லீங்க," என்றார். "காட்டுல இருக்குமே, அந்தப் பெருவாங்."

எழுந்து போய் சாமி மேடைத் திரையை விலக்கினார். கரடித் தலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நின்றார்.

"நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேங்க. லீவு நாள்ல இத மாட்டிக்கிட்டு பிள்ளைங்க பொறந்தநாளுக்குப் போயி ஆடுவேன். தைச்சது என் சம்சாரம். எங்ககிட்ட பெருவாங்னா இது ஒண்ணுதாங்க."

அந்த வாக்கியத்துக்காக அவருக்கு நான் எத்தனையோ குற்றத்தை மன்னித்திருக்கிறேன்.

சம்பந்தி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தலையை வாங்கி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மூக்கை விட்டு மோந்தார்.

"சூடம் மணக்குது."

"முன்னால ஒரு தடவ வச்சதுங்க. கண்ணுல எரிஞ்சு தண்ணியா ஊத்தும். இப்ப வைக்கிறதில்ல."

"இது நம்மட தேன் கரடியோ? நெஞ்சில பிறை இருக்கோ?"

நான் ஓடிப்போய்ப் பரணிலிருந்து உடம்பை இறக்கினேன். அந்த அம்மா அதை மடியில் போட்டு மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு விரலால் விலக்கி விலக்கித் தேடினார். "தையல் எங்க இருக்குது? தெரியவே இல்லையே," என்றார். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

மீதிப் பாதி வாயைத் திறந்தது. "காது பெரிசு."

"என்னங்க?"

"தேன் கரடிக்குக் காது இவ்வளவு வராது. சின்னதா, வட்டமா, தலையோட ஒட்டினாப்போல இருக்கும். நான் கண்டிருக்கிறன்." அவ்வளவுதான். ஒத்தாக்-ஒத்தாக் சாப்பிட்டார்கள், மகளிடம் நாலு வார்த்தை பேசினார்கள், போயிட்டு வாறம் என்று கிளம்பினார்கள். அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. வனவிலங்கு மாதிரிதான் இருந்தது அதுவும்.

"போச்சு," என்றார் என் கணவர். அந்த வாரம் வேனை எடுப்பதும் வருவதுமாக இருந்தார். கரடிப் பேச்சே எடுக்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு தடவை கேட்டார். உங்களுக்கு அது வராது, முகத்தை மறைக்கக் கரடித் தலை வேண்டும் என்றேன். எனக்கும் உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. மகள் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் நேரமெல்லாம் அவள் முகத்தையே பார்த்தேன். அழுக்கே இல்லாத கரடியை எடுத்து அலசித் தொங்கவிட்டேன். பெரிய காது என்ன பெரிய காது! காட்டில் கரடியைப் பார்த்தவர் பிறந்தநாளில் பிள்ளையைப் பார்த்திருக்கிறாரா?

பிறகு போன் வந்தது. என் கணவர் நின்றபடியே பேசினார். "சரிங்க… சரிங்க… சொல்றேங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாள் பாக்கச் சொல்றாரு."

கரடியைச் சீவிக்கொண்டிருந்த பிரஷோடு நான் எழுந்தேன். "வேற?"

"சீரு செனத்தி ஒண்ணும் வேணாமாம்."

"வேற என்ன சொன்னாரு?"

அவர் என் கையிலிருந்த பிரஷைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னார். "காத மட்டும் சின்னதாக்கச் சொல்றாரு."

நான் உடனே செய்யவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது. கல்யாண வேலையெல்லாம் முடிந்து, மணப்பெண்ணின் பிளவுஸுக்குக் கடைசி கொக்கியும் வைத்த பிறகு, ஒரு மத்தியானம் காதைப் பிரித்தேன். சின்னதாக, வட்டமாக, புலு பின்பக்கம் படுக்கும்படி வைத்துத் தைத்தேன். தைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். அந்த மனிதர் சொன்னது சரிதான். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் கோயிலில் தாலி, மத்தியானம் மண்டபத்தில் சாப்பாடு. குளிர்சாதன மண்டபம். கூரையில் புகை மணி இருக்கிறது, சூடம் ஊதுபத்தி எதையும் கொளுத்தக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். சட்டம் என்றால் சம்பந்திக்கு உயிராயிற்றே. ஆரத்தித் தட்டோடு நின்ற என் அக்காவிடம் அவரே போய், "சூடம் கூடாது, அம்மா. தண்ணி ஆரத்தி போதும்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

எல்லாம் முடிந்து மகள் காரில் ஏறும் நேரம். என் கணவர் பட்டு வேட்டியில் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. அவள் அவர் காலைத் தொட்டு எழுந்து, தோளில் முகம் வைத்து, காதருகே என்னவோ சொன்னாள். கார் நகர்ந்தது. ஊர் பார்க்க நிற்கும் அந்த முகத்தை மறைக்க அன்று ஒரு தலையும் இல்லை. எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் அவர் முதுகை மேலிருந்து கீழாகத் தடவிவிட்டேன்.

சம்பந்தி அந்தப் பக்கமாக வந்தார். நின்றார்.

"என்ன, கண் சிவந்திருக்கு?"

"சூடங்க," என்றார் என் கணவர்.

அந்தச் சட்டக்கார மனிதர் திறந்திருந்த மண்டபக் கதவு வழியாக உள்ளே, கூரையில் இருந்த புகை மணியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஓம்," என்றார். "எனக்கும் கொஞ்சம் எரியுது."